கணிப்பொறியில் வளர்ந்த நகரம்



கணிப்பொறியைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு இளைஞர்கள் என்னைப் பணித்தனர். அக்கருவியின் பெருமையைப் பாட நான் வரவில்லை. அதற்குள் ஒரு நகரத்தை வளர்த்துப் பார்த்த ஓர் அறிஞரின் முயற்சியையும், அதே நகரத்தில் எழுப்பப்பட்ட ஒரு சுவரையும் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில், மோட்டார் வாகனத் தொழிலால் பெருகிய நகரம் டெட்ராய்ட். 1910-இல் 4,65,766 ஆக இருந்த அதன் மக்கள்தொகை 1950-இல் 18,49,568 ஆயிற்று. இத்தகைய வளர்ச்சியைத் திரையில் ஓடும் படமாகக் காட்ட முயன்றவர், மிச்சிகன் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் வால்டோ டோப்லர் (1930–2018). இது குறித்த அவருடைய கட்டுரை 1970-இல் வெளிவந்தது.

அவர் செய்தது எளிமையானது. நகரமும் சுற்றுப்புறமும் அடங்கிய நிலப்பரப்பைக் கணக்கு நோட்டின் தாள் போலச் சதுரக் கட்டங்களாகப் பிரித்தார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எண் அளித்தார். ஒரு கட்டத்தின் நாளைய மக்கள்தொகை, அதன் இன்றைய எண்ணையும் அண்டைக் கட்டங்களின் எண்களையும் பொறுத்தது என்று விதி வகுத்தார். கணிப்பொறி அவ்விதிப்படி சிறுசிறு காலப் படிகளாகக் கணக்கிட்டுச் சென்றது. ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். அவற்றைத் தொடராக ஓட்டியபோது, 1910 முதல் 2000 வரையிலான காலம் கண்ணெதிரே நகர்ந்தது. எல்லா இடங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஆயினும் அருகில் உள்ளவற்றுக்கே தொடர்பு மிகுதி என்னும் அவருடைய கருத்து இக்கட்டுரையில்தான் பிறந்தது. அக்கட்டுரையிலேயே அவர் அதைப் புவியியலின் முதல் விதி என்று குறிப்பிட்டார்.

ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும். டோப்லர் நேர்மையாளர். மக்கள் பிறக்கின்றனர், இறக்கின்றனர், இடம் பெயர்கின்றனர் என்பதைத் தம் கணக்கு அறியும்; ஏன் என்பதை அறியாது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த 'ஏன்' டெட்ராய்ட் தெருக்களில் கிடந்தது. 1930-களில் அமெரிக்காவில் வீட்டுக்கடன் வழங்குவதற்கென வரைபடங்கள் வரையப்பட்டன; கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் அவற்றில் செந்நிறம் பெற்றன. செந்நிறப் பகுதிக்குக் கடன் கிடைப்பது அரிது. 1941-இல், நகரின் எட்டாம் மைல் சாலைக்கருகே வெள்ளையருக்கு வீடு கட்ட முனைந்த ஒரு நிறுவனத்துக்கு, பக்கத்தில் கறுப்பினத்தார் குடியிருந்தமையால் அரசின் கடன் உறுதி கிட்டவில்லை. அந்நிறுவனம் ஆறடி உயரத்தில், ஏறக்குறைய அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பியது. உறுதியும் கிடைத்தது! உத்தப்புரத்துச் சுவரை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அண்டைக் கட்டம் அண்டைக் கட்டத்தைப் பாதிக்கும் என்பது விதி. அண்டைக்கும் அண்டைக்கும் நடுவே சுவர் நின்றால், விதியை எங்கே பொருத்துவது?

வேறொரு முயற்சியையும் குறிப்பிடுகிறேன். 1969-இல் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் நகர இயக்கம் பற்றிய கணிப்பொறி மாதிரியை நூலாக வெளியிட்டார். ஏழைகளுக்கு மலிவு வீடுகள் கட்டினால் நகரம் மேலும் நலியும். நலிந்த குடியிருப்புகளில் ஒரு பகுதியை இடித்துத் தொழிலுக்கு இடமளித்தால் தழைக்கும் என்பது அதன் முடிவு. இடிக்கப்பட்ட வீட்டார் எங்கே போவார்கள் என்று கேட்டவர்கள் அக்காலத்திலேயே இருந்தனர். எந்திரத்தின் முடிவு, மனிதன் அதற்குள் இட்ட அனுமானத்திலிருந்தே வருகிறது. ஆயினும் எந்திரம் சொன்னது என்றவுடன் அதிகாரிகள் வாய்மூடிக் கேட்பார்கள். அதுவே எனக்கு அச்சமூட்டுகிறது.

டோப்லர் தம் கணக்கைப் போட்ட காலத்திலேயே, டெட்ராய்ட் கறுப்பின இளைஞர்களும் தங்கள் நகரத்தை வரைந்துகொண்டிருந்தனர். குவெண்டலின் வாரன் என்னும் இளம்பெண்ணும் புவியியலாளர் வில்லியம் பங்கியும் நடத்திய டெட்ராய்ட் புவியியல் பயணக் குழு, அப்பகுதி மக்களுக்குப் பல்கலைக்கழகப் பாடங்களைக் கொண்டு சேர்த்தது. மாணவர்கள் வரைந்த ஒரு வரைபடம், புறநகரிலிருந்து விரைந்து வரும் மோட்டார்களால் கறுப்பினக் குழந்தைகள் கொல்லப்பட்ட இடங்களைப் புள்ளிகளாகக் காட்டியது. அவ்விவரங்கள் காவல்துறையிடம் இருந்தன, எளிதில் கிடைக்கவில்லை. பலமுறை முயன்று, செல்வாக்குள்ளவர்களின் துணையோடு பெற்றே அப்புள்ளிகளை இட்டனர்.

டோப்லரின் கட்டங்களில் அப்புள்ளிகள் இல்லை. ஆயினும் கட்டமிடும் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள் என்றே நம் மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.