எஞ்சின் எண்ணெயில் தண்ணீர்
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

உழவியல் ஆசிரியனுக்கு எஞ்சினில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். நெல் பூக்கும் தருணத்தில் பாசனம் தடைப்பட்டால் பதர் மிகும். ஆகவே பம்புசெட்டின் டீசல் எஞ்சினும் எங்கள் கவலைதான்.

தண்ணீரால் குளிரும் எஞ்சினில், அந்தத் தண்ணீரே எண்ணெயில் இறங்கிவிடுவதுண்டு. காலையில் எஞ்சினை ஓட்டுமுன் அளவுக் குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால்விட்ட காப்பி போல் வெளுத்து, ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருந்தால் தண்ணீர்தான். டீசல் கசிந்தாலும் மட்டம் உயரும். ஆனால் எண்ணெய் வெளுக்காது, நீர்த்துப்போய் டீசல் வாடை அடிக்கும்.

ஐயமிருந்தால், தண்ணீர் தெளித்தால் சுரீரென்று பொரியுமளவு தோசைக்கல் ஒன்றைச் சூடாக்கி, அடுப்பைவிட்டு இறக்கி, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் கடுகு தாளிப்பதுபோல் வெடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். (வீட்டம்மாளின் தோசைக்கல் வேண்டாம், பழையதாகப் பாருங்கள்!)

எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் மட்டும் வெண்ணெய்போல் படிந்து, குச்சியில் எண்ணெய் தெளிவாக இருந்தால் பதற வேண்டாம். கொஞ்ச நேரமே ஓட்டி நிறுத்துவதால் உள்ளே வியர்த்த ஈரமாக இருக்கலாம். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, மறுபடி பாருங்கள்.

குச்சியிலேயே வெளுப்பு கண்டால் எஞ்சினை ஓட்டாதீர்கள், பேரிங் தேய்ந்துவிடும். எண்ணெயை மட்டும் மாற்றினால் புது எண்ணெயும் வெளுக்கும். ஹெட் கேஸ்கெட்டையும், லைனரின் அடியிலுள்ள ரப்பர் வளையங்களையும், ஹெட்டில் வெடிப்பு உண்டா என்பதையும் மெக்கானிக்கைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். வடித்த எண்ணெயை வாய்க்காலில் கொட்டிவிட வேண்டாம்.