பல்பை மறைத்த பித்தளை



பின்லாந்தில் ஔலாங்கோ என்றொரு ஹோட்டல் 1930-களின் இறுதியில் எழுந்தது. அதற்காக விளக்கு வடிவமைப்பாளர் பாவோ டைனெல் ஒரு நிலைவிளக்கை வடிவமைத்தார். மெல்லிய தண்டு, தண்டைச் சுற்றி வரிந்த பிரம்பு, உச்சியில் அகன்ற விளிம்புள்ள ஷேடு. ‘சீனத் தொப்பி’ என்று அதற்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. அணைந்திருக்கும்போது அது அழகான ஒரு சாமான், அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டதும் நிலைமை மாறிவிடுகிறது. கீழே நாற்காலியில் உட்கார்ந்து படிக்கப் போதிய வெளிச்சம் விழுகிறது; ஷேடின் பொடித் துளைகள் மினுங்குகின்றன; பல்பு மட்டும் கண்ணைக் குத்துவதில்லை.

பல்பை மறைத்து வெளிச்சத்தை மட்டும் வெளியே அனுப்புவது: அந்தக் காலத்துப் பின்லாந்து விளக்குகளைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். டிசம்பரில் ஹெல்சிங்கியில் பகல் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். வடகோடியில் உட்ஸ்யோக்கி பக்கம் ஏறக்குறைய 50 நாள் சூரியன் எழுவதே இல்லை. அங்கே விளக்கு மாலையில் ஏற்றி இரவில் அணைக்கிற பொருளல்ல. காலைக் காப்பிக்கும், பள்ளிப் பாடத்துக்கும், நடுப்பகல் அலுவலுக்கும் அதுவே துணை. அவ்வளவு நேரம் முகத்துக்கு நேரே எரியும் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தால் மனிதர் தாங்குவாரா?

டைனெல் 1890-இல் பிறந்தவர். இளம் வயதில் உலோகத் தகடு வேலை பழகியவர். 1918-இல் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஹெல்சிங்கியில் டைட்டோ என்ற பட்டறையைத் தொடங்கினார். கூட்டாளிகளில் ஒருவர் எமில் விக்ஸ்ட்ரம் என்ற சிற்பி. ஹெல்சிங்கி ரயில் நிலைய வாசலில் உருண்டை விளக்குகளைக் கையில் ஏந்தி நிற்கும் கல் மனிதர்களைச் செதுக்கியவர் அவர்தான். பட்டறையில் முதலில் எல்லாவகை உலோகச் சாமான்களும் செய்தார்கள். மின்சாரம் பரவப் பரவ விளக்கே தொழிலாயிற்று. கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோவின் தொடக்க கால விளக்குகளையும் டைட்டோ செய்து கொடுத்தது.

பிறகு இரண்டாம் உலகப் போர். போருக்குப் பின் பின்லாந்து சோவியத் யூனியனுக்கு 30 கோடி டாலர் மதிப்புள்ள பொருள்களை இழப்பீடாகக் கொடுக்க வேண்டிய நிலை. அந்தக் கடன் தீர்ந்தது 1952-இல்தான். இத்தனை நெருக்கடிக்கு நடுவில் டைனெலின் கை மிக உற்சாகமாக ஓடியது என்பது வியப்பான விஷயம். மெல்லிய பித்தளைத் தகட்டில் இலை வெட்டினார், பூ வெட்டினார், பனித்துகள் வெட்டினார். 1940-களின் இறுதியில் நியூயார்க்கில் ‘ஃபின்லாந்து ஹவுஸ்’ திறந்தபோது அதற்கு விளக்கமைத்தவர் அவரே. அமெரிக்கர்கள் விரும்பி வாங்கினார்கள். ஐ.நா. தலைமையகத்தில் பொதுச் செயலாளரின் அறைக்கும் அவர் விளக்கு போனது.

அந்தப் பித்தளையைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்க வேண்டும். செம்பும் துத்தநாகமும் கலந்த இந்த உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி மஞ்சள் ஏறி, இதமாக வருகிறது. பனி மூடிய ஊரில் அந்த இதம் வெறும் அலங்காரமாக இருக்க முடியாது. வட்டமான ஷேடுகளைக் கடைசல் இயந்திரத்தில் தகட்டைச் சுழற்றி, அச்சின் மேல் அழுத்தி உருவாக்குவார்கள். துளைகளின் அளவும் இடைவெளியும் முக்கியம்: பெரிதானால் பல்பு எட்டிப் பார்க்கும், மிகச் சிறிதானால் ஷேடு செத்துக் கிடக்கும். சரியாக அமைந்தால் புளியமரத்து இலைகளினூடே விழும் வெயில் போல ஒளி சிதறும்.

கண்ணாடி அதே வேலையை வேறு வழியில் செய்கிறது. பால் வெள்ளைக் கண்ணாடியின் மெல்லிய அடுக்கு ஒன்றைத் தெளிந்த கண்ணாடியோடு சேர்த்து ஊதினால், உள்ளே எரியும் பல்பு மறைந்து உருண்டை முழுவதும் சீராக ஒளிரும். இந்தக் கலையில் பெண்களின் பங்கு பெரிது. டைனெலின் மனைவி ஹெலெனா, ரீஹிமாகி கண்ணாடி ஆலையில் 1946 முதல் முப்பது ஆண்டுகள் வடிவமைத்தார். குன்னல் நைமன் கண்ணாடிப் பாத்திரங்களோடு விளக்குகளையும் வடிவமைத்தவர். 1948-இல், 39 வயதிலேயே இறந்துபோனார். இன்னும் பத்து ஆண்டு கிடைத்திருந்தால் அவர் என்னென்ன செய்திருப்பார் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை.

லிசா யொஹான்சன்-பாப்பேயைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர்னோ நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் உழைத்தவர். மருத்துவமனைக்கும் தேவாலயத்துக்கும் கப்பலுக்கும் விளக்கமைத்தார். கண்ணுக்கு இதமா என்ற கேள்விக்குப் பிறகுதான் அவருக்கு வடிவம். டைனெலின் மலர்ச்சரங்களைப் போல அவருடைய விளக்குகள் ஏலங்களில் கண்ணைப் பறிப்பதில்லை. ஆனால் தினமும் வாழும் அறைக்கு எது வேண்டும் என்று கேட்டால், அவருடைய விளக்கையே முதலில் சொல்லலாம்.

ஆல்டோவின் ‘தங்க மணி’யையும் மறக்க முடியாது. ஹெல்சிங்கியின் சவோய் உணவகத்துக்காக 1937-இல் வந்த தொங்குவிளக்கு அது. மணி வடிவப் பித்தளை, கீழ்விளிம்பில் மட்டும் நீளநீளமான வெட்டுகள். சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு எதிரே இருப்பவர் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதை அந்த வெட்டுகள் பார்த்துக்கொள்கின்றன.

1953-இல் டைட்டோ இட்மன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. டைனெல் 1973-இல் காலமானார். இன்று அவர் விளக்குகள் ஏலக்கூடங்களில் பெருந்தொகைக்குப் போகின்றன. டென்மார்க்கின் குபி நிறுவனம் சிலவற்றை 2018 முதல் மீண்டும் தயாரிக்கிறது. பழையதைத் தேடுவோர் உலோகத்தில் பொறித்த டைட்டோ முத்திரையையும் மாதிரி எண்ணையும் முதலில் பார்ப்பார்கள். கருத்த பித்தளையைப் பளிச்சென்று தேய்த்துவிட்டால் பல பத்தாண்டுகளில் ஏறிய நிறம் போய்விடும். அது எளிதில் திரும்ப வராது. மின்கம்பியின் கதை வேறு. பழைய உறை நொறுங்கியிருந்தால் யோசிக்காமல் மாற்ற வேண்டும். கம்பியை மாற்றிய பின், விலைச் சீட்டோடு கண்ணாடி அலமாரியில் அணைந்து நிற்க விடாமல், அந்த விளக்கை ஒரு மேசைக்குப் பக்கத்தில் வைத்து எரியவிட வேண்டும்.