டப்பாவுக்குள்ள என்ன இருக்கு?

இன்னைக்கு பேசப்போறது ஜிம்முக்குப் போற நம்ம பைக்குள்ள இருக்கிற பவுடரைப் பத்தி. முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும், என்ன சாப்பிடறேன்னே தெரியாமதான் நானும் சாப்பிட்டுட்டு இருந்தேன்.

வேளச்சேரில ஜிம் சேர்ந்த முதல் மாசமே மாஸ்டர் ஒரு லிஸ்ட் கொடுத்தார்: வே புரோட்டீன், கிரியேட்டின், பிசிஏஏ, ப்ரீ-வொர்க்அவுட். ஆபீஸ்ல ஒரு லைப்ரரியை ப்ராஜெக்ட்ல சேர்க்கணும்னா லைசென்ஸ், வெர்ஷன், யார் எழுதினதுன்னு எல்லாத்தையும் பார்ப்பேன். என் உடம்புக்குள்ள போறதுக்கு மட்டும் ஒண்ணுமே பார்க்கல.

ஆறு மாசம் கழிச்சு ஹெல்த் செக்கப். கிரியாட்டினின் 1.5. ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு போனா டாக்டர் கேட்டார், “மாத்திரை, பவுடர் ஏதாவது எடுக்கறீங்களா தம்பி?” பக்கத்துல அம்மா. பவுடர் சாப்பிட்டா கிட்னி போயிடும்னு தினமும் சொல்ற அம்மா. நான் “இல்ல சார்”னு சொல்லிட்டேன்.

அந்த ஒரு பொய்யால ஸ்கேன், மறுபடியும் ரத்தப் பரிசோதனை, ரெண்டு வாரம் அம்மாவுக்குத் தூக்கமே இல்ல. கடைசில தனியா போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டல. கிரியேட்டினை நிறுத்தச் சொல்லிட்டு, சிஸ்டாட்டின் சி-ன்னு வேறொரு டெஸ்ட் எழுதினார். சிறுநீரகத்துல ஒரு பிரச்சினையும் இல்ல.

விஷயம் இதுதான். கிரியேட்டின் உடம்புல உடைஞ்சு கிரியாட்டினினா மாறுது. வெளியிலிருந்து கூடுதலா எடுத்தா, சிறுநீரகம் நல்லா இருந்தாலும் அந்த எண் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். ஆனா “பவுடராலதான் ஏறியிருக்கு”ன்னு நீங்களே தீர்ப்பு எழுதிடாதீங்க. நிஜமாவே பாதிப்பு இருக்கலாம். அதை டாக்டர்தான் சொல்லணும்.

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம். வே-ங்கிறது பால் திரிஞ்ச பிறகு மிஞ்சற தண்ணியில இருக்கிற புரதம். வீட்டுல பனீர் பண்ணிட்டு கீழ ஊத்தறோமே, கிட்டத்தட்ட அதேதான். பிசிஏஏ-ன்னா லூசின், ஐசோலூசின், வேலின்னு மூணு அமினோ அமிலம். வேயிலயும் முட்டையிலயும் ஏற்கெனவே இருக்கு, தனியா காசு கொடுக்க வேண்டாம். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் நிறைய ஆராய்ச்சி நடந்த ஒண்ணு. நாளைக்கு 3 முதல் 5 கிராம் போதும். ப்ரீ-வொர்க்அவுட்ல முக்கியமா வேலை செய்யறது கஃபீன். சிலதுல ஒரு ஸ்கூப்புலயே 300 மில்லிகிராம் இருக்கு. ஆரோக்கியமான பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 400 தான் வரம்புன்னு சொல்றாங்க. மேல ரெண்டு ஃபில்டர் காபி குடிச்சா கணக்கு எங்க போகும்னு பாருங்க.

புரதம் எவ்வளவு வேணும்? நம்ம ஐசிஎம்ஆர் பொதுவா சொல்றது உடல் எடையில கிலோவுக்கு 0.83 கிராம். எடை தூக்கறவங்களுக்கு விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் 1.4 முதல் 2 வரை சொல்றாங்க. நாலு முட்டையில 24 கிராம், 50 கிராம் சோயா சங்க்ஸ்ல 26 கிராம். முதல்ல தட்டைக் கணக்குப் பண்ணுங்க. குறையறதுக்கு மட்டும் டப்பா.

அந்த டப்பாவையும் அப்படியே நம்பிடாதீங்க. 2024ல வெளியான ஒரு இந்திய ஆய்வுல 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதிச்சாங்க. சுமார் 70 சதவீதத்துல புரத அளவு லேபிள்ல போட்ட மாதிரி இல்ல. இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. வழக்கமான புரதச் சோதனை அளக்கிறது நைட்ரஜனை. கிளைசின் மாதிரி மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தா நைட்ரஜன் ஏறும், ரிப்போர்ட்ல புரதமும் ஏறின மாதிரி தெரியும். நம்ம பாஷையில சொன்னா, கோடு ஓடாது, ஆனா டெஸ்ட் பாஸ்!

அதனால எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட 14 இலக்க எண், பேட்ச் எண், வெளி லேப் சோதனை ரிப்போர்ட், இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. லேபிளே இல்லாம கவர்ல கட்டித் தர்ற பவுடரை யார் கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

எங்க வீட்டுல டப்பா இப்ப கிச்சன் அலமாரியில, ஹார்லிக்ஸ் பக்கத்துல வெளிப்படையா இருக்கு. அம்மாவே “இன்னைக்கு முட்டை சாப்பிட்டியே, அப்புறம் இது எதுக்கு?”ன்னு கேக்கறாங்க. சரியான கேள்விதான்.

ரத்தப் பரிசோதனைக்குப் போறதுக்கு முன்னாடி, எடுக்கிற எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. இன்னைக்கு இது ஒண்ணு மட்டும் ஞாபகம் இருந்தா போதும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!