நிற்கும் கண்டும் ஓடும் இழையும்



நூல் என்னும் சொல்லை விளக்கப் புகுந்த பவணந்தியார் பஞ்சையும் கதிரையும் உவமையாக்கினார். மீன்பிடிக்கும் ரீல் ஒன்றும் நூற்பாலையிலிருந்தே பிறந்தது என்பது இவ்வவைக்குப் புதுமையாக இருக்கலாம். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரம் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போனது. அத்தொழிலில் இருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், ஆலையில் நூற்கண்டு அசையாமல் நிற்க, அதன் நுனிவழியே இழை உருவிச் செல்லும் அமைப்பைத் தூண்டிலுக்குக் கொண்டுவந்தார். 1905இல் காப்புரிமையும் பெற்றார். பழைய ரீலில் உருளை சுழன்றே நூலை விட வேண்டும். சிறு தூண்டிலின் எடை அவ்வுருளையைச் சுழற்றப் போதாது. கண்டு நிலைத்து நின்றதும் அத்தடை ஒழிந்தது. இலேசான தூண்டிலும் தொலைவில் போய் விழுந்தது.

இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது மிட்செல் 300. பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக் குளூஸ் என்னும் கடிகாரத் தொழிலூரில் செய்யப்பட்டது. அதைத் திறந்து பார்ப்பவர்க்கு அவ்வூரின் கைவண்ணம் விளங்கும்.

பல்லாண்டு பரணில் கிடந்த ரீலின் கைப்பிடி இறுகியிருந்தால் அது கெட்டுவிட்டது என்று தூக்கியெறிபவர் பலர். பெரும்பாலும் கெட்டது உலோகம் அன்று. மெழுகாய் உறைந்த பழைய கிரீஸ்தான். அதை வலிந்து சுற்றினாலே பற்கள் தேயும். நடுப்பொத்தானை அழுத்திக் கண்டை எடுத்தபின், கைப்பிடியையும் பக்கத் தகட்டையும் கழற்ற வேண்டும். திருப்புளி திருகாணியின் பள்ளத்தில் இறுகப் பொருந்தாவிடில் விளிம்பு சிதையும். பழுதுபார்த்த கையின் அவசரம் அங்கே என்றும் தெரியும்.

அடுத்து வருவதே உயிர்நிலை. பற்சக்கரத் தண்டில் தாளினும் சற்றே தடித்த வாஷர்கள் இருக்கும். துடைக்கும் துணியோடு அவை போய்விடும். போனால் தேடுவாரும் இலர். ஆனால் இரு பற்சக்கரங்களும் எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதை அவைதாம் முடிவுசெய்கின்றன. ஒன்று குறைந்தாலும் சுழற்சியில் கரகரப்பு ஏறும். ஒன்று மிகுந்தாலோ கைப்பிடி இறுகும். ஆதலின் கழற்றிய வரிசையிலேயே, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே, வெள்ளைத் துணியில் பரப்பி வைக்க வேண்டும். நினைவாற்றலை நம்புவது இவ்விடத்தில் வீண் பெருமை.

மண்ணெண்ணெயில் கழுவி நன்கு உலர்த்தியபின் பற்களுக்குப் புதுக் கிரீஸ் மெல்லப் பூசினால் போதும். அள்ளி அப்புவது அன்பின் மிகுதியே தவிர அறிவன்று. பின்னோக்கிச் சுழலாது தடுக்கும் சிறு நாக்குக்குக் கிரீஸ் ஆகாது. ஒட்டிக்கொண்டு, மீன் இழுக்கும் வேளையில் அது விழாமல் நின்றுவிடும். அங்கே ஒரு துளி மெல்லிய எண்ணெய் போதும். நூலை வாங்கித்தரும் வளைகம்பியின் சுருள்வில் முறியும் இயல்புடையது. அதை மாற்றுவதில் தயக்கம் வேண்டா. கறுப்பு வண்ணம் உதிர்ந்த இடங்களுக்குப் புதுவண்ணம் தீட்டுவதோ தேவையற்ற ஒப்பனை.

மூடிய பின் நூல் சுற்றாமலே கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். கண்டு முன்னும் பின்னும் தங்குதடையின்றிப் போய்வர வேண்டும். வளைகம்பி ஒரே ஒலியோடு மடங்க வேண்டும். இடையில் எங்கேனும் விரல் தடங்கலை உணர்ந்தால், பக்கத் தகட்டை மீண்டும் கழற்றி வாஷர்களை எண்ண வேண்டும்.