நஞ்சைப் பிரித்தறிதல்



திருநெல்வேலியின் செம்மண் தோட்டங்களிலே அந்திவேளையில் நடமாடுவோர் அஞ்சும் பாம்பு முத்திரைப் புடையன். நூல்கள் கண்ணாடி விரியன் என்று கூறுவதும் இதனையே. இது தீண்டினால் இரத்தம் உறையாது போகலாம், சிறுநீரகம் கெடலாம், கண்ணிமைகளும் சோர்ந்து விழலாம். ஒரு துளி நஞ்சு இத்தனை தீமைகளை இயற்றுவது எங்ஙனம்? நஞ்சு ஒரு பொருளன்று. பல புரதங்களின் கூட்டம் என்பதே விடையாகும். அக்கூட்டத்தைக் கலைத்து, ஒவ்வொரு புரதத்தையும் தனியே நிறுத்தும் முறைக்கு நிறப்பதிவியல் என்று பெயர்.

பெயர் வந்த வரலாறு எளிது. உருசியத் தாவரவியலறிஞர் சுவெற், இலைகளின் நிறப்பொருள்களைச் சுண்ணத்தூள் நிறைத்த கண்ணாடிக் குழாயினூடே இறங்கவிட்டார். பச்சையும் மஞ்சளும் வெவ்வேறு பட்டைகளாகப் பிரிந்தன. 1906 ஆம் ஆண்டில் அவர் இம்முறைக்குப் பெயரிட்டார்.

நஞ்சிலுள்ள புரதங்களையோ நிறங்கொண்டு பிரித்தறிதல் இயலாது. ஆகவே அவற்றின் பருமனையும் மின்னேற்றத்தையும் கொண்டு பிரிக்கின்றனர். 1959 இல் சுவீடன் நாட்டு உப்சலாவில் போராத், புளொடின் என்னும் இருவர், நுண்துளைகளையுடைய மென்மணிகளைக் குழாயில் நிறைத்துப் பருமன்வழிப் பிரிக்கும் முறையை வெளியிட்டனர். நம் வீட்டு அரிதட்டில் சிறியது முதலில் விழும்; பெரியது தங்கும். இங்கே நேர்மாறு. சிறிய புரதங்கள் மணிகளின் துளைகளுள் நுழைந்து நுழைந்து தாமதிக்கின்றன. உட்புக இயலாத பெரியவை இடைவெளிகளினூடே ஓடி முந்தி வெளிவருகின்றன. கலைப்பட்டதாரியாகிய எனக்கு இதனை விளக்க அவ்வரிதட்டே போதியதாயிற்று.

இதனால் நமக்கு விளைந்த பயன் யாது? இத்தகைய முறைகளால் இலங்கைப் புடையனின் நஞ்சைப் பகுத்த ஆய்வாளர், நரம்பைத் தளர்த்தும் புரதம் ஒன்றைத் தனித்தெடுத்து 2017 இல் அறிவித்தனர். கண்ணிமை சோர்வதற்கு முதன்மைக் காரணம் அதுவே என்று கண்டனர்.

நம் மருத்துவமனைகளிலே நெடுங்காலமாக வழங்கிவருவது இந்தியாவில் ஆக்கப்படும் முறிமருந்து. தமிழ்நாட்டு வடநெம்மேலியில் 1978 இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அம்மருந்து செய்வோர்க்கு நஞ்சு வழங்கிவந்துள்ளது. அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியிலிருந்து மருந்தைப் பெறுகின்றனர். ஆனால் பாம்பின் நஞ்சு இடத்துக்கு இடம் வேறுபடும். அக்கரைப் பாம்பின் நஞ்சால் எழுந்த மருந்து, இக்கரைப் பாம்பின் ஒவ்வொரு புரதத்தையும் அடக்குமா? பிரித்து வைத்துச் சோதித்தாலன்றி இதற்கு விடை கிடையாது.

அச்சோதனை அறிஞர் கடன். நம் கடன் வேறு. தீண்டப்பட்டவரின் கடிவாயை அறுக்காமலும், கட்டுப்போட்டு இறுக்காமலும், அவரை நடக்கவிடாமலும், தாமதமின்றி மருத்துவமனை சேர்ப்பதே அது.