கரையோர வீட்டுக்கு ஏற்ற திருகாணி



வீடு கட்டுவோர் சீமெந்துக்கும் கல்லுக்கும் மரத்துக்கும் ஓட்டுக்கும் தனித்தனியே கணக்கு எழுதுவர். திருகாணிக்கு மட்டும் அக்கணக்கில் தனி வரி கிடையாது. சில்லறைச் சாமான் என்னும் தலைப்பின் கீழ் அது அடங்கிவிடும். ஆயினும் யன்னல் நிலையைச் சுவரோடு பிணைப்பதும், தண்ணீர்க் குழாயைத் தாங்குவதும், விறாந்தைக் கூரையின் சட்டத்தைப் பற்றி நிற்பதும், நம் தலைக்கு மேலே தொங்கும் பாரத்தைக் கொங்கிறீற்றோடு இணைப்பதும் அந்தச் சில்லறைச் சாமானே. அது எதனால் கெடுகின்றது, எவ்விடத்துக்கு எதனைத் தெரிந்தெடுப்பது என்பதை இன்று ஆராய்வோம்.

கொங்கிறீற்றினுள் வார்த்த இரும்புக் கம்பி நெடுங்காலம் துருவாமல் இருக்கக் காண்கின்றோம். சீமெந்தின் காரத்தன்மை இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குவதே அதற்குக் காரணம். இதை எண்ணிச் சிலர், சுவரில் இறக்கும் திருகாணிக்கும் அதே காப்பு உண்டென நம்புகின்றனர். அது சரியன்று. திருகாணி பின்னர் துளைத்த துளையில் இறங்குவது. துளைக்கும் ஆணிக்கும் இடையே வெளி இருக்கின்றது. அவ்வெளியில் நீர் புகுந்து தங்குகின்றது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு நாளடைவில் சுவரின் காரத்தைக் குறைக்கின்றது. இவையனைத்திலும் கொடிய பகை உப்பு. கடற்காற்றும், சாந்து குழைத்த உவர்க் கிணற்று நீரும், நன்கு கழுவாத கடல் மணலும் அதனைச் சுவருக்குக் கொண்டுவருகின்றன. உப்பிலுள்ள குளோரைட்டு, காப்புப் படலத்தை ஆங்காங்கே துளைத்து இரும்பை அரிக்கின்றது.

துருவானது தான் பிறந்த இரும்பிலும் பல மடங்கு இடங்கொள்வது. ஆகவே துருப்பிடித்த ஆணி தான் மெலிவதோடு நில்லாது, சுற்றியுள்ள கல்லையும் வெடிக்கச் செய்கின்றது. சுவரில் வழியும் செந்நிறக் கோடு அதன் முன்னறிவிப்பு. பல வேளைகளில் அம்முன்னறிவிப்பும் கிட்டுவதில்லை. தலை பளபளப்பாக இருக்க, சுவரினுள் உடல் கரைந்துகொண்டிருக்கும்.

இனி, கடையில் கிடைக்கும் வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது, மின்முறையில் துத்தநாகம் பூசிய உருக்குத் திருகாணி. வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ மின்னும், விலை குறைந்தது. ஒரு மில்லிமீற்றரை 1000 பங்காக்கினால், இப்பூச்சின் தடிப்பு ஏறக்குறைய 5 முதல் 10 பங்கு மட்டுமே. ஈரம் படாத உள்ளறைச் சுவருக்கு இது போதும். மழையும் கடற்காற்றும் படும் இடத்தில் இப்பூச்சு விரைவில் தேய்ந்துபோம்.

இரண்டாவது, உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்தது. நம் மக்கள் கல்வனைசு என்பது இதனையே. மங்கிய சாம்பல் நிறமும் சற்றே கரடான மேனியும் உடையது. பூச்சின் தடிப்பு முன்னதைப் போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் இருக்கும். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காப்பதால், சிறு கீறல் விழுந்தாலும் காவல் உடனே நீங்கிவிடாது. கடலுக்கு அப்பாலுள்ள ஊர்களில் வெளிச்சுவருக்கு இது ஏற்றது.

மூன்றாவது, கறையில் உருக்கு. வீட்டுப் பாத்திரங்களில் சில்வர் என்று நாம் அழைப்பது இதன் இனமே. 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் ஹரி பிறியலி என்பார் குரோமியம் மிகுந்த உருக்கு ஒன்றை வார்த்து, அது எளிதில் அரிபடாமையைக் கண்டார். இன்று திருகாணிகளில் பெரிதும் வழங்குவன இரு தரங்கள். ஏ2 என்பதில் குரோமியமும் நிக்கலும் உண்டு. ஏ4 என்பதில் இவற்றோடு 2 முதல் 3 வீதம் மொலிப்டினமும் சேர்ந்திருக்கும். உப்பை எதிர்க்கும் வலிமையை மிகுவிப்பது அந்தச் சிறு சேர்க்கையே. ஆதலால் பருத்தித்துறையிலோ மன்னாரிலோ மட்டக்களப்பிலோ கடலை நோக்கி நிற்கும் வீட்டுக்கு ஏ4 தரத்தையே கேட்டு வாங்குக. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும். காந்தத்தாலும் வேறுபாடு அறிதல் அரிது. ஆணித் தலையிலோ பெட்டியிலோ பொறித்த எழுத்தே சான்று.

பிளக்கு இன்றி, கொங்கிறீற்றில் தானே புரி வெட்டிக்கொண்டு இறங்கும் திருகாணிகளும் இப்போது உண்டு. வெட்டும் வலிமைக்காக இவற்றின் உருக்கைக் கடினமாக்குவர். கடினமான உருக்கு, அரிப்பின்போது பிறக்கும் ஐதரசனை ஏற்றால் நொறுங்கும் இயல்பை அடைந்து, எதிர்பாராத வேளையில் ஒடியக்கூடும். எனவே, இவ்வகையில் துத்தநாகம் மட்டும் பூசியவற்றை உலர்ந்த இடத்துக்கே வைத்துக்கொள்க. வெளியிடத்துக்கு, உடல் ஏ4 உருக்காகவும் நுனி மட்டும் கடின உருக்காகவும் செய்தவை உள்ளன.

கறையில் உருக்கு என்றதும் கவலை ஒழிந்தது என்று எண்ணலாமா? சுவிற்சலாந்தின் ஊஸ்ரர் நகரத்து நிகழ்ச்சி அதற்கு விடை கூறும். அங்கு 1972இல் திறந்த உள்ளக நீச்சற்குளத்தின் கொங்கிறீற்று உட்கூரை, கறையில் உருக்குக் கோல்களில் தொங்கியது. குளத்து நீரிலிருந்து எழுந்த குளோரீன் சேர்வைகள் வெப்பமும் ஈரமுமான காற்றில் கலந்து கோல்களிற் படிந்தன. பாரத்தின் இழுவையும் குளோரைட்டும் ஒருங்கே தாக்க, கோல்களில் வெடிப்பு ஓடியது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 9ஆந் திகதி உட்கூரை வீழ்ந்து 12 பேர் மாண்டனர். இத்தகைய இடங்களுக்கு ஏ4 தரமும் போதாதென்பதும், மேலும் உயர்ந்த கலப்புருக்கே வேண்டுமென்பதும் பொறியியலார் துணிபு.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. மழையில் நனையும் சுவரின் உப்பை மழையே கழுவிவிடும். இறவாணத்தின் அடியிலும் விறாந்தைக் கூரையின் உட்புறத்திலும் படியும் உப்பைக் கழுவுவார் இல்லை. மழை படாத இடமென்று அங்கே மலிந்த ஆணியை இடுவது தவறு.

மற்றொன்று, உலோகங்களின் சேர்க்கை. வேறுபட்ட இரு உலோகங்கள் ஈரத்தில் தொட்டிருந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கச் செய்யும். பெரிய செப்புத் தகட்டைச் சிறிய இரும்பு ஆணியால் பொருத்தினால் ஆணி விரைவில் அழியும். அலுமினிய யன்னற் சட்டத்துக்குக் கறையில் உருக்கு ஆணி இடும்போது, இடையே நைலோன் வாசர் வைத்தல் நலம்.

பொருத்தும் முறையும் முக்கியம். ஆணி செய்தவர் குறித்த அளவிலேயே துளையிடுக. ஆணி இறங்கும் ஆழத்திலும் சிறிது கூடுதலாகத் துளைத்து, தூளை ஊதி அகற்றுக. பாரம் தாங்கும் பிடி, மேற்பூச்சில் அன்றி உள்ளிருக்கும் கல்லில் விழவேண்டும். இறுதியாகத் தலையைச் சுற்றி நீர் புகாவண்ணம் அடைத்துவிடுக.

நேயர்களே, கடைக்குச் செல்லுமுன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இவ்விடத்தில் ஈரமும் உப்பும் எவ்வளவு? இந்த ஆணி தாங்கப்போவது எதனை? அது விழுந்தால் கீழே இருப்பவர் யார்? ஒரு படத்தை மாட்டும் ஆணி துருவினால் நட்டம் ஒரு கண்ணாடியே. குழந்தைகள் விளையாடும் விறாந்தையின் மேலுள்ள சட்டத்தைத் தாங்கும் ஆணிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே ஏ4 ஆணிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, கூரைச் செலவோடு ஒப்பிடும்போது அற்பமே. வீட்டுக் கணக்கில் திருகாணிக்கும் இனி ஒரு தனி வரி எழுதுங்கள்.