வேற்றுலக ஆசிரியரும் பூச்சோங் மாணவனும்

(பூச்சோங்கில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் ஆசிரியரின் நினைவாக அமைந்த அறக்கட்டளை இது. ஆகவே ஆசிரியரைத் தேடும் பிள்ளையின் ஆசையைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினேன். அவன் தேடும் ஆசிரியர் இந்தப் பூமியில் இல்லை என்பதுதான் சிக்கல்.

பதினைந்து, பதினாறு வயதில் பல பிள்ளைகளுக்கு இந்த ஆசை வருகிறது. வேற்றுக்கோளிலிருந்து யாராவது வர வேண்டும். நோய்க்கு மருந்து என்ன, போரில்லாமல் வாழ்வது எப்படி என்றெல்லாம் அவர்களிடம் கேட்க வேண்டும். நாம் சிரிக்கிறோம், போய் எஸ்பிஎம் தேர்வுக்குப் படி என்கிறோம். நான் சிரிக்க மாட்டேன். தன்னைவிட அறிந்தவர் எங்கோ இருக்கிறார், அவரிடம் போய்க் கற்க வேண்டும் என்று நினைப்பதில் பணிவு இருக்கிறது. எல்லாம் கைப்பேசியிலேயே இருக்கிறது என்று நினைக்கும் பிள்ளையைவிட இவன் ஒரு படி மேல்.

நம் நாட்டுக்கும் இந்தக் கதை புதிதல்ல. 1970 ஆகஸ்டில் புக்கிட் மெர்தாஜாமில் பள்ளிச் சிறுவர்கள் சிலர் மூன்று அங்குல உயர மனிதர்கள் சின்னஞ்சிறு கலத்தில் வந்து இறங்கியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள்; நாளேடுகளில் செய்தி வந்தது. நான் அதை நம்பவில்லை. இன்னொரு கதை 2010இல் கிளம்பியது. ஐ.நா.வின் விண்வெளி விவகார அலுவலகத்தை அப்போது நடத்திவந்தவர் சிரம்பானில் பிறந்த மலேசிய வானியற்பியலாளர் மஸ்லான் ஒத்மான். தலைநகரில் தேசியக் கோளரங்கம் உருவாக உழைத்தவரும் அவரே. வேற்றுக்கோள்வாசிகளை வரவேற்கும் தூதராக ஐ.நா. அவரை நியமிக்கப் போகிறது என்று பிரிட்டிஷ் ஏடொன்று எழுத, உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அவர் சிரித்துக்கொண்டே மறுத்தார்.

தூதர் இல்லை, சரி. சந்திப்பு நடக்குமா? தூரத்தைப் பாருங்கள். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி 4.2 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. 2016இல் அதைச் சுற்றும் கோள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அங்கே யாராவது இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். படிவம் நான்கில் இருக்கும் மாணவன் வானொலி அலையில் ஒரு கேள்வி அனுப்பினால், பதில் வரும்போது அவன் பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்திருப்பான். ஏழு கோள்கள் சுற்றும் டிராப்பிஸ்ட்-1 சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவு. பதினாறு வயதில் கேட்டால் பதில் தொண்ணூற்றாறு வயதில் வரும். பேரப்பிள்ளைதான் படித்துக்காட்ட வேண்டும். 1974இல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து 1,679 பிட்டுகள் கொண்ட ஒரு செய்தியை எம்-13 விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பினார்கள். அது போய்ச்சேரவே 25,000 ஆண்டு. அனுப்பிய தொலைநோக்கி 2020இல் இடிந்து விழுந்துவிட்டது.

எதிரில் உட்கார்ந்து, புரியாததை மறுபடி கேட்டுக் கற்கும் வகுப்பு ஆகவே நடக்காது. வந்தால், யாரோ எப்போதோ அனுப்பிய ஒரு செய்தி வரும். விளக்கிச் சொல்ல ஆள் இருக்காது. அதிலிருந்து நாமே கற்க வேண்டும். இதைத் தமிழர்கள் செய்து பார்த்திருக்கிறோம்.

மதுரைக்கு அருகே மாங்குளம் மலையில் குகைக் கல்வெட்டுகள் இருப்பதை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்தார். எழுத்து பிராமி என்று அடையாளம் தெரிந்தது. படித்தால் பொருள் விளங்கவில்லை. ழ, ள, ற, ன ஆகியவற்றுக்கு அங்கே தனி வடிவம் இருப்பதைக் கவனித்து, மொழி தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் என்ற பெயரை அதில் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னது 1960களில். எண்ணிப் பாருங்கள்: எழுதியவன் மனிதன், மொழி தமிழ், இடம் மதுரைப் பக்கம். அதற்கே எண்பது ஆண்டுகள் பிடித்தன. மகாதேவன் முழுநேரக் கல்வெட்டாய்வாளர்கூட அல்லர், ஐ.ஏ.எஸ். அதிகாரி, பிறகு தினமணி ஆசிரியர்.

மாங்குளமாவது கைக்கு வந்தது. சிந்துவெளி முத்திரைகள் இன்னும் வரவில்லை. 1924இல் ஜான் மார்ஷல் அந்நாகரிகத்தை உலகுக்கு அறிவித்ததிலிருந்து நூறாண்டு கடந்தும் முத்திரைகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் அறிஞரிடையே உடன்பாடில்லை. எகிப்திய எழுத்துக்கு ரொசெட்டாக் கல் கிடைத்தது; சிந்துவெளிக்கு அப்படி ஒரு இருமொழிக் கல் கிடைக்கவில்லை. புதிரை விடுவிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாட்டு முதல்வர் 2025 ஜனவரியில் அறிவித்தார்.

இங்கேதான் மீண்டும் விண்வெளிக்குத் திரும்புகிறேன். 2009இல் கணினி அறிவியலாளர் ராஜேஷ் ராவ், மகாதேவன் முதலியோரும், சென்னைத் தரமணிக் கணித அறிவியல் நிறுவன ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து, சிந்துவெளிக் குறிகளைப் பற்றி ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு குறிக்குப் பின் அடுத்து எந்தக் குறி வரும் என்பதில் எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு தற்செயல் என்று கணக்கிட்டார்கள். பொருள் தெரியாமலேயே, அந்த ஒழுங்கு மொழிகளின் ஒழுங்கை ஒத்திருக்கிறது என்றார்கள். அந்தக் குறிகள் மொழியே அல்ல என்று வாதிட்டவர்கள் இதை ஏற்கவில்லை, சண்டை ஓயவில்லை. விண்ணிலிருந்து ஓர் அலைவரிசை வந்தாலும் இதே வகைக் கணக்கில்தான் தொடங்கியாக வேண்டும். கூன்முதுகுத் திமிங்கிலங்களின் ஒலிகளை வைத்து, வேற்றுக்கோள் அறிவுயிர்களைத் தேடும் ஆய்வாளர் லாரன்ஸ் டாய்ல் அந்தப் பயிற்சியை நடத்தியிருக்கிறார்.

நாம் அனுப்பிய செய்தியைப் பற்றியோ நம்மவர் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு. 1977இல் புறப்பட்ட வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. மலாயும் இல்லை. எனக்கு இதில் பெரிய வருத்தமில்லை. கண்டெடுப்பவருக்கு அந்த 55இல் ஒன்றும் புரியப் போவதில்லை. புரிய வாய்ப்புள்ளது உறையில் வரைந்திருக்கும் ஹைட்ரஜன் அணுவும், நம் சூரியன் இருக்கும் இடத்தைக் காட்டும் 14 துடிவிண்மீன்களும்தான். மொழி வேறானாலும், ஹைட்ரஜன் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். இயற்பியல் பாடத்தில் தூங்கும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, வானத்தை நாமே பார்க்கலாம் என்றால், ஈயக்குட்டைகளும் ரப்பர் மரங்களும் இருந்த பூச்சோங்கில் இப்போது எல்டிபி நெடுஞ்சாலை விளக்குகளுக்கு நடுவே நாலு விண்மீன் தெரிந்தால் பெரிது. மேகம் வேறு. கவலை வேண்டாம், தொலைநோக்கித் தரவுகள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. 2019இல் உல்ஃப் குக்கியர் என்ற பதினேழு வயது அமெரிக்க மாணவர் நாசாவின் காடர்ட் மையத்துக்குக் கோடைப் பயிற்சிக்குப் போனார். டெஸ் தொலைநோக்கியின் தரவைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் நாளே, இரண்டு விண்மீன்களைச் சுற்றும் கோள் ஒன்றின் தடயம் அவர் கண்ணில் பட்டது. ஒரு விண்மீனின் ஒளி எதிர்பாராத நேரத்தில் மங்கியதை அவர் ஒதுக்கிவிடவில்லை, அவ்வளவுதான்.

பெற்றோர் என்ன கேட்பீர்கள் என்று தெரியும்: இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா? வேற்றுக்கோள்வாசிகளைத் தேடும் வேலை உலகம் முழுவதும் சேர்த்தாலும் வெகு சிலருக்குத்தான். ஆனால் இரைச்சலிலிருந்து செய்தியைப் பிரிக்கத் தெரிந்தவரை வங்கியும் மருத்துவமனையும் தொலைத்தொடர்பு நிறுவனமும் தேடுகின்றன. புள்ளியியலும் நிரலாக்கமும் அதற்கு வேண்டும். பழைய எழுத்து ஒன்றைப் படிக்கப் பழகுவதும் உதவும், அதற்கு மாங்குளத்தில் கண்ட தமிழ்பிராமி போதும்.

இனிக் கேள்விகளுக்கு வருவோம். ஒலிவாங்கியை முதலில் மாணவர்களிடம் கொடுங்கள். பெரியவர்கள் பிறகு கேட்கலாம்.